பெட்டிக்கு ஒரு வில்லங்கச் சான்று

நான் செய்த பெட்டியின் மூடியைத் திறந்தால் உட்பக்கம் ஒரு கறுப்பு முத்திரை தெரியும். ஒரு கோதுமைக் கதிர், பக்கத்தில் ஐபிபிசி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், அப்புறம் கேஆர் என்ற நாட்டுக் குறி, ஒரு எண், கடைசியில் எச்டி. பலகையை இழைக்கும்போது அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிட்டேன்.

பைன் மரம். கொரியாவிலிருந்து ஏதோ ஓர் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ வந்த பேக்கிங் பெட்டியின் பலகை. அந்தப் பெட்டிகளுக்கு மூடியும் கிடையாது, கீலும் கிடையாது. ஆறு பக்கமும் ஆணி அடித்துத்தான் வரும். திறக்க வேண்டுமென்றால் கடப்பாரையால் பிளக்க வேண்டும். பிளந்த மரம் லாரி ஏறி, பூந்தமல்லிக்கு மேற்கே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் பட்டறைகளுக்கு வரும். செம்பரம்பாக்கத்தில் அப்படி ஒரு பட்டறையில்தான் இதை எடை போட்டு வாங்கினேன்.

முத்திரையின் அர்த்தம் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பச்சை மரத்தில் செய்த பேக்கிங் பெட்டிகளுக்குள் வண்டுகளும் புழுக்களும் நாடு விட்டு நாடு போயிருக்கின்றன. ஆசியாவைச் சேர்ந்த நீளக்கொம்பு வண்டு ஒன்று சீனச் சரக்கின் மரத்தில் ஒளிந்து போய், 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மேப்பிள் மரங்களைக் குடைந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகு 2002இல் ஒரு சர்வதேச விதி வந்தது. ஐஎஸ்பிஎம் 15 என்று பெயர். அதன்படி சரக்குக் கட்டும் மரத்தின் நடு மையம் வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு, இடைவிடாமல் குறைந்தது 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். அப்படிச் சூடேற்றியதற்கு அடையாளம்தான் எச்டி.

இதில் எனக்குப் பிடித்த சங்கடம் ஒன்று இருக்கிறது. சூடு ஆறிய பிறகு மரத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. மையத்தில் 56 டிகிரி ஏறியதா, 40இல் நிறுத்திவிட்டு முத்திரை குத்தினார்களா என்று துறைமுகத்து அதிகாரி ஒவ்வொரு பலகையையும் அறுத்துப் பார்க்க முடியாது. அறுத்தாலும் தெரியாது. பார்க்க முடியாத உள்ளே நடந்ததைப் பற்றி, பார்க்கவே போகாத ஒருவருக்கு, வெளியே ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கிறார்கள். அவர் நம்புகிறார். உலக வர்த்தகம் முழுக்க இந்த நம்பிக்கையின் மேல் கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கிறது.

யாரும் பார்க்காத இடத்தில் ஏன் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பது பழைய கேள்வி. கடவுள் பார்க்கிறார், மனசாட்சி பார்க்கிறது என்று பழைய பதில்களும் உண்டு. ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பெட்டி செய்யப் போய், அந்தக் கேள்வியில் நான் மாட்டிக்கொண்ட கதை இது.

*

பெட்டி எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் 1. அன்றைக்குச் செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 47 சென்டிமீட்டர் மழை. 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட ஏரியிலிருந்து அந்த இரவில் விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணீர் அடையாற்றில் விடப்பட்டது. எப்போது திறந்திருக்க வேண்டும், எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. எங்கள் வீடு அனகாபுத்தூரில், ஆற்றிலிருந்து நாலு தெரு தள்ளி. அந்த நாலு தெருவும் தண்ணீருக்கு ஒரு தூரமே இல்லை என்று விடியும்போது தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் அப்பா முதலில் போனது பீரோவுக்குத்தான். கல்யாண வயதில் அக்கா இருந்த காலத்தில் வாங்கியது. தேக்கு நிறத்தில் மைக்கா ஒட்டி, பார்க்க லட்சணமாக இருக்கும். அடி டிராயரில் வீட்டுப் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, எங்கள் சான்றிதழ்கள். டிராயர் வரவில்லை. மைக்காவுக்கு உள்ளே இருந்தது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. தண்ணீர் குடித்து ரொட்டி மாதிரி உப்பி, நாலு பக்கமும் இறுகி நின்றுவிட்டது. அப்பா இழுத்தார், நான் இழுத்தேன், கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. கடைசியில் கடப்பாரை. உள்ளே காகிதங்கள் ஒரே கட்டியாக இருந்தன. முதல் நாளே திறக்க முடிந்திருந்தால் பாதியையாவது பிரித்துக் காய வைத்திருக்கலாம்.

பிறகு சிறப்பு முகாம்கள் போட்டார்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கினோம், எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் குவிந்து கிடந்த சாமான்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. கட்டில், ஷோகேஸ், டிவி ஸ்டாண்டு. மேலே தேக்கு, வால்நட், ரோஸ்வுட். பிளந்த வாயில் எல்லாமே ஒரே மரத்தூள். எங்கள் வீட்டில் அதே தரையில், அதே தண்ணீரில், பாட்டியின் பலாமரப் பெட்டியும் கிடந்தது. மூடி உப்பி இறுகியிருந்தது. ஒரு வாரம் நிழலில் வைத்ததும் இளகிவிட்டது. கீல்கள் மட்டும் துருப்பிடித்தன.

அதனால் பத்து வருடம் கழித்து அப்பாவிடம் பத்திரங்களுக்கு ஒரு பெட்டி செய்யப்போகிறேன் என்றேன். “பத்து ரூபா பிளாஸ்டிக் கவர்ல போட்டா போதாதாப்பா?” என்றார். போதும்தான். கவரில் போட்டுத்தான் பெட்டிக்குள் வைக்கப் போகிறேன். ஆனால் அந்தப் பெட்டி திறக்க வேண்டும். தேவைப்படும் அன்றைக்குத் திறக்க வேண்டும். அதற்குமேல் அதனிடம் நான் எதையும் கேட்கவில்லை.

*

எனக்கும் மரவேலைக்கும் முன்பகை உண்டு. பொறியியல் முதலாண்டில் எல்லோருக்கும் வொர்க்‌ஷாப் இருக்கும். ஃபிட்டிங், வெல்டிங், அதோடு கார்பென்ட்ரி. இரண்டு கட்டைகளைக் கொடுத்து டி-ஜாயின்ட் செய்யச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நாங்கள் கேட்டோம். பதில் சொல்லவேண்டியவர்களும் அதையே நினைத்தார்கள். கட்டையை மனம்போனபடி செதுக்கி, பொருந்தாத இடத்தில் மரத்தூளையும் ஃபெவிகாலையும் பிசைந்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஜாயின்ட் ரெடி. பிராக்டிகல் பரீட்சைக்கு அதுவும் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் பணம் போட்டோம். எங்களுக்கான ஜாப் சுத்தமாகச் செய்து எங்கள் மேசைக்கு வந்தது. எனக்கு நல்ல மதிப்பெண். அந்த மதிப்பெண் இன்றும் என் பட்டப்படிப்புச் சான்றிதழோடு இருக்கிறது. பெட்டிக்குள் வைக்கப் போகிற காகிதங்களில் அதுவும் ஒன்று.

இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அப்போது தப்பு செய்த உணர்வு துளிகூட இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்? அந்த டி-ஜாயின்ட்டில் யாரும் உட்காரப் போவதில்லை.

*

பட்டறையில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை ஆசாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். தொழிலின் பெயரா சாதியின் பெயரா என்று பிரிக்க முடியாத சொல் என்பதால் எனக்கு அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. அண்ணே என்றேன். ஒரு காலத்தில் குன்றத்தூர், மாங்காடு பக்கம் வீடுகளுக்கு நிலை, ஜன்னல் செய்தவர். ரெடிமேட் கதவுகள் வந்தபிறகு அந்த வேலை குறைந்து, இப்போது ஆலைகளுக்குப் பேலட் அடிக்கிறார். நாளைக்கு இத்தனை என்று கணக்கு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காகச் செய்வதை அவர் ஆறு நாளும் கூலிக்குச் செய்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஓரமாக ஒரு பெஞ்சும் ஒரு பழைய இழைப்புளியும் கொடுத்தார். “ஆணிய மொத்தமா புடுங்கிட்டு அப்புறம் இழைப்புளி வை தம்பி. பிளேடு போச்சுன்னா உன்னாண்டதான் கேப்பேன்” என்றார்.

ஆணி பிடுங்கவே ஒரு ஞாயிறு போனது. பேக்கிங் பெட்டிக்கு அடிக்கிற ஆணியில் முறுக்கு இருக்கும், கழன்று வராது. வராததைச் சுற்றி மரத்தை அறுத்து ஒதுக்க வேண்டும். நாலு அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் உள்ள பலகைகள். வெளியே சாம்பல் பூத்து, எண்ணெய்க் கறை படிந்து கிடந்தவை இரண்டு தடவை இழைத்ததும் உள்ளே இளமஞ்சளாக விரிந்தன. பட்டறை முழுக்க ஊசியிலை வாசம். ஏதோ ஒரு குளிர்நாட்டில் பல வருடம் நின்ற மரம் சில வாரம் ஓர் இயந்திரத்தைச் சுமந்துவிட்டுக் குப்பையாகியிருக்கிறது என்ற நினைப்பு வந்து, கொஞ்சம் மெதுவாக இழைத்தேன்.

இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி ஒரு பக்கம். அப்படி நாலு பக்கம். மூலைகளுக்கு டவ்டெயில் போடலாமா என்று கேட்டேன். யூட்யூபில் பார்த்திருந்தேன். அவர் சிரித்தார். காடி எடுத்து, ஒரு பலகையின் முனை இன்னொன்றில் உட்காரும்படி செய்து, பசை போட்டு ஸ்க்ரூ வைத்தால் இந்த மரத்துக்கு அதுவே போதும் என்றார். அடிப்பலகைக்கு நான் பைன் பலகைகளையே எடுத்து வைத்திருந்தேன். அதையும் ஒதுக்கிவிட்டார்.

“அடிக்கு பிளைவுட் போடு.”

“முழுசா நிஜ மரத்துலயே செய்யலாம்னு பாத்தேன்ணே.”

“நிஜ மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். பெரிய பலகைய நாலு பக்கமும் புடிச்சு வெச்சா ஒண்ணு அது வெடிக்கும், இல்ல மூலைய நெம்பிடும். பிளைவுட் அசையாது. நல்லதா, தண்ணி தாங்குறதா வாங்கிக்க.”

கடையில் ஐஎஸ் 710 என்று அச்சடித்த மெரைன் பிளைவுட்டில் ஒரு துண்டு வாங்கினேன். கொதிநீரிலும் பிரியாத பசை என்பதற்கான குறி அது. மறுபடியும் உள்ளே இருப்பதைப் பற்றி வெளியே ஒரு முத்திரை. மறுபடியும் நம்பினேன்.

நாலு மூலைகளில் மூன்று ஓரளவு சேர்ந்தன. நாலாவதில் காடியை ஆழமாக எடுத்துவிட்டேன். இரண்டு மில்லிமீட்டர் சந்து. அன்றைக்கு அவர் சீக்கிரம் போயிருந்தார். கை தன்னால் பழைய பாடத்துக்குப் போனது. மரத்தூள், ஃபெவிகால், உப்புத்தாள். இருட்டுவதற்குள் சந்து மறைந்துவிட்டது. நான் மறைத்த மாதிரியே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு சுத்தம்.

அடுத்த ஞாயிறு அவர் பெட்டியைக் கையில் எடுத்து ஒவ்வொரு மூலையாகக் கட்டைவிரலால் தடவினார். நாலாவதில் நின்றது.

“இந்த மூலைதான் நாலுலயும் அழகா கீது.”

நான் பேசவில்லை.

“புதுசா பண்றவன் வேலைல அழகா இருக்கிற மூலையத்தான் நான் முதல்ல பாப்பேன்.”

சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவர் சொன்னதை என் ஞாபகத்தில் இருக்கிறபடி எழுதுகிறேன். பட்டி வைக்காத தச்சன் ஊரில் கிடையாது. அவர் வைத்த நிலைகளிலும் பட்டி உண்டு. ஆனால் எங்கே வைக்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. பார்வைக்கு மட்டும் இருக்கிற சந்து என்றால் அடைத்துவிட்டுப் போகலாம், அது யாரையும் ஏமாற்றாது. பாரம் தாங்குற இடத்துல மட்டும் பட்டி வைக்கக் கூடாது.

பிரித்துவிட்டுத் திரும்பச் செய்யட்டுமா என்று கேட்டேன். “அதுல என்னா பாரம் ஏறப் போகுதுன்னு உனக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பேலட் அடிக்கப் போய்விட்டார்.

*

என் துறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய கதை ஒன்று உண்டு. 1985இல் ஒரு நேர்காணலில் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னது. அழகான அலமாரி செய்கிற தச்சன், சுவரைப் பார்த்து நிற்கப் போகிற அதன் பின்பக்கத்துக்குப் பிளைவுட் போட மாட்டான், யாரும் பார்க்காவிட்டாலும் தனக்குத் தெரியுமே என்பதுதான் சாரம். தரத்தைப் பற்றிய எல்லா பிரசன்டேஷன்களிலும் இது வந்துவிடும். எனக்கும் பல வருடம் பிடித்திருந்தது.

செம்பரம்பாக்கத்துப் பட்டறையில் அது இரண்டு வகையில் ஆட்டம் கண்டது. முதலாவது, பிளைவுட்டுக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. அகலமான பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் பல நேரம் அதுதான் சரியான பொருள். அங்கே நிஜ மரத்தைப் போட வேண்டும் என்ற ஆசை, மரத்தை மறந்து தன் பெருமையை நினைக்கிறவனின் ஆசை. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. பின்பக்கம் என்று எதைச் சொல்கிறோம்? அவர் சொன்ன பின்பக்கம் கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு வரைக்கும் போகிறது. அவருடைய நிறுவனத்தின் போன்கள் செம்பரம்பாக்கத்திலிருந்து மேற்கே அதே நெடுஞ்சாலையில் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையிலும் பூட்டப்படுகின்றன. 2021 டிசம்பரில் அந்த ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆலை நின்றது. அறைக்கு ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரைக்கும் தரையில் படுத்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

போனின் உள்ளே ஒரு திருகாணிகூடக் கோணலாக இருந்திருக்காது. அலமாரியின் பின்பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. அந்த அலமாரியைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் சாப்பிடும் இடத்தில், தூங்கும் இடத்தில் பட்டி வைத்திருந்தார்கள். பாரம் முழுக்க அங்கேதான் இருந்தது. இதைப் பார்த்தபிறகு, யாரும் பார்க்காத இடத்தையும் அழகாகச் செய்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, எந்த இடத்தை அவர் பார்க்காமல் விட்டார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. பிற்பாடு வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குவதற்கான குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பாரம் எங்கே இருக்கிறது என்று சாலையில் உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது.

*

அதனால் பெரியவருடைய விதி ஜாப்ஸின் விதியைவிட எனக்கு நேர்மையாகப் பட்டது. பாரம் தாங்குகிற இடத்தில் பொய் சொல்லாதே. மற்ற இடத்தில் மனிதனாக இருந்துகொள். சின்னச் சின்ன மறைப்புகள் இல்லாமல் வாழ முடியாது என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. விருந்தாளியிடம் “இப்பதான் சமைச்சேன்” என்று சொல்வது பட்டிதான். ஒருவர் வந்து விழுந்து அழும்போது “எல்லாம் சரியாயிடும்” என்பதும் பட்டிதான்.

ஆனால் பெட்டியைப் பார்த்தபடி யோசிக்க யோசிக்க, விதிக்குள்ளேயும் ஒரு சந்து தெரிந்தது. பாரம் எங்கே ஏறும் என்று செய்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பீரோவைச் செய்தவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. டிராயரின் அடியில் தண்ணீர் வந்து நிற்கும் என்று அவர் ஏன் யோசிக்க வேண்டும்? அவர் கணக்கில் அங்கே இருந்த பாரம் நாலு காகிதம். எங்கள் டி-ஜாயின்ட்டிலும் பாரம் இல்லை என்றுதான் நினைத்தோம். ஆனால் அது ஒரு மதிப்பெண்ணாகி, மதிப்பெண் சான்றிதழாகி, சான்றிதழை நம்பி ஒருவர் வேலை கொடுத்து, அந்த வேலையின் மேல் வீட்டுக் கடனே நிற்கிறது. அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் அவசரத்தில் ஒரு நிரல் எழுதினேன். தவறான பதிவு வந்தால் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். அப்போது நாளைக்குப் பத்துப் பதிவு. பாரமே இல்லாத மூலை. பிறகு யார் யாரோ அதன் மேல் எதை எதையோ கட்டினார்கள். போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கணக்கு ஏன் உதைக்கிறது என்று மூன்று நாள் தேடி, கடைசியில் என் பெயர் போட்ட அந்த வரியில் வந்து நின்றாள். “வேணும்னுதான் இப்படி எழுதினீங்களாண்ணா?” என்று மரியாதையாகத்தான் கேட்டாள். தப்பு நடந்ததைவிட, தப்பு இருப்பதை நான் எங்கும் எழுதி வைக்காததுதான் அவளுடைய மூன்று நாளைத் தின்றது.

பாரம் இடம் மாறும். நாம் போன பிறகும் மாறும். அப்படியென்றால் குற்றமில்லாத வேலையைத்தான் செய்ய வேண்டுமா? அது என்னால் ஆகாது, பெரியவராலும் ஆகாது. ஆனால் குற்றம் இருக்கும் இடத்தை அடுத்து வருகிறவர் கண்டுபிடிக்கும்படி விட்டுவைக்கலாம். சந்து இருப்பதில் பொய் இல்லை. சந்தே இல்லை என்று அடுத்தவரை நம்பவைக்கும் வழவழப்பில்தான் பொய் இருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இப்போதைக்கு எனக்குக் கிடைத்திருக்கும் பதில் இதுதான்: யாரும் பார்க்காத இடம் என்று ஒன்று கிடையாது. உடைந்த அன்றைக்கு யாரோ ஒருவர் அங்கே வந்து பார்க்கத்தான் போகிறார். கடவுளுக்கோ என் மனசாட்சிக்கோ பதில் சொல்வதை அப்புறம் பார்க்கலாம். முதலில் பழுதுபார்க்க வருகிற அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

*

மூலையைப் பிரிக்கவில்லை. பசை இறுகிவிட்டது, பிரித்தால் பலகை போய்விடும். அதற்குப் பதிலாக உள்பக்கம் அந்த மூலையில் ஒரு முக்கோணக் கட்டையை வைத்து, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டேன். அசிங்கமாக இருக்கிறது. பத்திரக் கவர் அதில் இடிக்கும். இடிக்கட்டும்.

கடைசி வேலை கீல். இரண்டரை அங்குலக் கீல் இரண்டு. கீலின் கனம் அளவுக்கு உளியால் மரத்தைச் செதுக்கி, அது பலகையோடு பலகையாக உட்கார வேண்டும். ஆழம் கூடினால் மூடி கௌவும், குறைந்தால் வாய் பிளக்கும். முதல் கீல் அமைந்தது. இரண்டாவதில் ஸ்க்ரூவை ஒரு சுற்று அதிகமாகத் திருகிவிட்டேன். பைன் மெத்து மரம், உள்ளே மரை அறுந்து ஸ்க்ரூ சும்மா சுற்றியது. தினமும் திறந்து மூடுகிற இடம். சந்தேகமே இல்லாமல் பாரம் தாங்குகிற இடம்.

பெரியவர் வந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து இரண்டு குச்சிகளின் மருந்தை ஒடித்துப் போட்டார். குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் இறக்கினார். மீதியை உளியால் தட்டி எடுத்தார்.

“இதுவும் பட்டிதானேண்ணே?” என்றேன். விடக் கூடாது என்று நினைத்தேன்.

“பட்டி எடத்த ரொப்பும். இது பாரத்தப் புடிக்கும். ஸ்க்ரூ கடிக்கிறதுக்கு அங்க மரம் வேணும். இல்லாத மரத்தக் குடுக்கிறோம்” என்றார். நாளைக்குத் திருகு, இன்றைக்குத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அலுவலகம் விட்டு வரும் வழியில் நின்று திருகினேன். கடித்தது. மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். ஆணியடித்த பெட்டியாக வந்த மரம். உடைபடாமல் திறக்க அது இப்போதுதான் கற்றுக்கொண்டது.

மூடியின் உள்பக்கம், அந்தக் கொரியா முத்திரைக்குக் கீழே, பென்சிலால் எழுதினேன். பின்பக்கம் இடது மூலையில் இரண்டு மில்லிமீட்டர் சந்து, உள்ளே மரத்தூள் பட்டி, மேலே கட்டை கொடுத்திருக்கிறது. வலது கீலின் நடு ஸ்க்ரூவுக்குள் தீக்குச்சி. அடிப்பலகை பிளைவுட், ஸ்க்ரூவைக் கழற்றினால் வரும். பிறகு தேதி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் நிதானமாகப் படித்தார். எங்கள் வீட்டை வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தவர். அந்த மனையின் மேல் அடமானம், பாகப்பிரிவினை என்று பதிவான எல்லாமே வரிசையாக வந்த காகிதத்தைப் பார்த்து அம்மா பயந்துபோனாளாம். எழுதியிருக்கிறது என்றால் பயமில்லை, எழுதாமல் இருந்தால்தான் பயம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

“என்னப்பா, பெட்டிக்கே வில்லங்கம் போட்டு வெச்சிருக்க?” என்றார்.

ஆமாம் என்றேன். மூடியை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்க ஆரம்பித்தார். வீட்டுப் பத்திரத்தின் நகல், பட்டா, அம்மாவின் இன்சூரன்ஸ். என் சான்றிதழ்க் கவர் அந்த முக்கோணக் கட்டையில் இடித்தது. கொஞ்சம் சாய்த்து வைத்தார், உட்கார்ந்துகொண்டது.